திரும்பத் திரும்பப் போலீஸ் வரும் பார்ட்டி வீடுகள்: எங்கள் நகர மன்றம் கொண்டுவரும் விதி பற்றி உங்கள் ஊர் அனுபவம் தேவை

கிழக்குவாசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தை ஒட்டிய சிறிய ஊரில் குடியிருக்கிறோம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் சொந்தக்காரர்களே இருக்கிறார்கள்; மீதி வீடுகள் மாணவர்களுக்கு வாடகைக்கு விடப்பட்டவை. எதிர்வரிசையில் உள்ள ஒரு வீட்டில் வியாழக்கிழமை இரவு தொடங்கும் கூத்து ஞாயிறு அதிகாலையில்தான் ஓய்கிறது. ஒலிபெருக்கி அதிர்வில் எங்கள் சமையலறை அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடுகின்றன. விடிந்ததும் எங்கள் புல்தரையில் கிடக்கும் சிவப்பு பிளாஸ்டிக் குவளைகளையும் உடைந்த பாட்டில் துண்டுகளையும் நான்தான் பொறுக்குகிறேன். என் கணவருக்கு மருத்துவமனையில் அதிகாலைப் பணி. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியாருக்கு இரத்த அழுத்தம்.

போலீஸுக்குச் சொன்னால் வருகிறார்கள். கதவைத் தட்டுகிறார்கள், பாட்டு நிற்கிறது. வண்டி தெருமுனையைத் தாண்டியதும் பழையபடி தொடங்கிவிடுகிறது. மறுபடி அழைத்தால் அவர்கள் வருவதற்குள் நள்ளிரவு கடந்துவிடுகிறது.

இப்போது எங்கள் நகர மன்றத்தில் ஒரு விதி முன்மொழியப்பட்டிருக்கிறது. ஓராண்டுக்குள் ஒரே முகவரிக்கு மூன்று முறைக்கு மேல் போலீஸ் அழைக்கப்பட்டால் அது தொல்லை தரும் இடமாக அறிவிக்கப்படும். அதன்பிறகு போலீஸ் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவர்களுக்கும் அபராதம் உண்டு. காவலர்கள் செலவிட்ட நேரத்துக்கான செலவையும் அவர்களே கட்ட வேண்டும். அடுத்த கூட்டத்தில் பொதுமக்கள் பேசலாம். ஆளுக்கு இரண்டு நிமிடம். நான் ஆதரித்துப் பேசப் போகிறேன். உங்கள் ஊர்களில் இப்படி ஒரு விதி இருக்கிறதா? பயன் இருந்ததா?

மாமரத்தடி எழுதியது:

இருக்கிறது அம்மா. நான் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் நெடுங்காலமாக இருப்பவன். இங்கே இதற்கு இரண்டாம் வருகை விதி என்றே பெயர். நகராட்சிச் சட்டத் தொகுப்பில் 13.48ஆம் அதிகாரம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடி அக்கம்பக்கத்தாரின் அமைதியைக் கெடுத்தால், முதல் முறை வரும் காவலர்கள் கூட்டத்தைக் கலைத்துவிட்டு வாசலில் ஓர் அறிவிப்பை ஒட்டுவார்கள். அன்றைக்கு அபராதம் கிடையாது. ஒட்டிய நாளிலிருந்து 120 நாள்களுக்குள் அதே வீட்டுக்கு அதே காரணத்துக்காகப் போலீஸ் வர நேர்ந்தால் 750 டாலர். அதற்கடுத்து 1,500. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் 2,500. முன்பு 60 நாள்கள் என்றிருந்ததைத்தான் 120 ஆக்கினார்கள். ஏறக்குறைய ஒரு கல்விப் பருவம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

இதன் பலம் அபராதத் தொகையில் மட்டும் இல்லை. வாசலில் ஒட்டிய தாளை உள்ளே வருகிற ஒவ்வொரு விருந்தாளியும் பார்க்கிறான். வீட்டுக்காரருக்கும் தகவல் போகிறது. வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு மாதம் பிறந்தால் வாடகையை மட்டும் எண்ணுகிறவருக்கு, தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று முதல்முறையாகத் தெரியவருகிறது.

உங்கள் ஊர் வரைவில் எனக்கு ஒன்று உறுத்துகிறது. பெர்க்லி விதி கட்டுக்கடங்காத கூட்டத்தைப் பற்றியது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் ஊர் விதி போலீஸ் அழைப்பைப் பற்றியதாக இருக்கிறது. எந்த அழைப்பாக இருந்தாலும் கணக்கில் சேருமா? வரைவை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கொலராடோ மாணவன் எழுதியது:

மாணவர் தரப்பிலிருந்தும் ஒரு குரல் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் ஃபோர்ட் காலின்ஸில் முதுகலை படிக்கிறேன். எங்கள் வீட்டில் நான்கு பேர். நாங்கள் குடித்துவிட்டு ஆடுகிறவர்கள் அல்லர். ஆனாலும் ஒரு பிறந்தநாளுக்கு இருபது பேர் வந்து பின்கட்டில் பேசிச் சிரித்தாலே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. இத்தகைய விதி எந்த வீட்டின் மீது முதலில் பாயும் என்று எனக்குத் தெரியும்.

இங்கே வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். பார்ட்டி நடத்தப் போகிறவர் பல்கலைக்கழகத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் காவல்துறைக்குப் போய்விடும். இரவில் யாராவது புகார் செய்தால் போலீஸ் வண்டி உடனே புறப்படாது. முதலில் நம் கைபேசிக்கு ஓர் அழைப்பு வரும்: உங்கள் மீது புகார் வந்திருக்கிறது, 20 நிமிடத்துக்குள் கலைந்துவிடுங்கள். கலைந்துவிட்டால் அபராதம் இல்லை. கலையாமல் இருந்து மறுபடி புகார் வந்தால் அவர்களும் விடமாட்டார்கள்.

நாங்கள் பதிவு செய்திருந்த ஓர் இரவில் அந்த அழைப்பு வந்தது. பாட்டை நிறுத்திவிட்டு, விளக்குகளை எல்லாம் போட்டு, வந்தவர்களை அனுப்பிவைத்தோம். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் என் கைபேசி எண்ணையே கொடுத்தேன். இப்போது அவர் என்னைத்தான் அழைக்கிறார்.

அக்கா, உங்கள் தெரு மாணவர்களிடம் பகலில் யாராவது போய்ப் பேசியிருக்கிறார்களா?

கிழக்குவாசல் எழுதியது:

பேசியிருக்கிறேன், தம்பி. முறுக்கும் அதிரசமும் கொண்டுபோய்க் கொடுத்தே பேசினேன். அப்போது இருந்தவர்கள் நல்ல பிள்ளைகள். மன்னிப்புக் கேட்டார்கள். ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிந்து அவர்கள் போய்விட்டார்கள், புதியவர்கள் வந்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் அதே ஆள். அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வருவதில்லை. ஆண்டுதோறும் புதிய முகங்களிடம் முதலிலிருந்து பேச வேண்டிய நிலையில் தெருவே களைத்துப்போய்விட்டது. பதிவுத் திட்டம் நல்லதாகத் தெரிகிறது, கட்டாயம் குறிப்பிடுகிறேன். ஆனால் பதிவே செய்யாதவனை என்ன செய்வது?

வாடகைவீட்டார் எழுதியது:

நான் நீங்கள் குறை சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவன். டூசானில், அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

அந்த ஊரில் சிவப்புத் தாள் முறை. ஐந்து பேர் கூடி அடங்காமல் நடந்தாலே கட்டுக்கடங்காத கூட்டம் என்று எழுதலாம். போலீஸ் வந்து, வீட்டின் முகப்பில் தெருவிலிருந்து தெரியும்படி பளீரென்று ஒரு சிவப்புத் தாளை ஒட்டிவிட்டுப் போவார்கள். 180 நாள்கள் அது அங்கேயே இருக்க வேண்டும். கிழித்தால் அதற்குத் தனி அபராதம். பெற்றோர் பார்க்க வந்தாலும் அது இருக்கும், அடுத்த ஆண்டுக்கு வீடு பார்க்க வருகிறவர்களும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அந்த 180 நாள்களுக்குள் மறுபடி நடந்தால் அபராதம் ஏறும், தகவல் கிடைத்த வீட்டுக்காரரும் பொறுப்பாளி ஆவார்.

எனக்கு ஒருமுறை அந்தக் கடிதம் வந்தது. நான் ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறேன். நள்ளிரவில் என்னால் போய்ப் பாட்டை நிறுத்த முடியாது. குடியிருப்பவர்களோ இருபது வயதைத் தாண்டிய, வாக்குரிமை உள்ள பெரியவர்கள். அவர்கள் போட்ட சத்தத்துக்கு நான் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

மாமரத்தடி எழுதியது:

ஏனென்றால் அந்த வீட்டிலிருந்து வருமானம் பெறுகிறவர் நீங்கள். நள்ளிரவில் நீங்கள் வந்து பாட்டை நிறுத்த வேண்டும் என்று எந்த ஊர் விதியும் கேட்கவில்லை. கடிதம் வந்தபிறகு என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்கிறது. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன், என்ன செய்தீர்கள்?

வாடகைவீட்டார் எழுதியது:

நியாயமான கேள்வி. ஒப்பந்தத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தேன். சத்தத்துக்காக நகராட்சி விதிக்கும் அபராதம் குடியிருப்பவர்கள் அனைவரையும் சேர்ந்தது. அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் எனக்குத் தெரிவிக்க வேண்டும். மறுமுறை நடந்தால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கிடையாது. பெற்றோரையும் பிணையாளர்களாகக் கையெழுத்திட வைத்தேன். சாவி கொடுக்கும் நாளில் இந்தப் பிரிவை உரக்கப் படித்துக் காட்டுகிறேன். அதன்பிறகு கடிதம் வரவில்லை.

ஆகவே விதியால் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் கடிதம் கையில் கிடைத்து, நடவடிக்கை எடுக்க அவகாசமும் தந்தபிறகே வீட்டுக்காரரைப் பிடிக்க வேண்டும். தகவலே தராமல் மூன்றாவது முறை நேரே பில் அனுப்பும் ஊர்களும் இருக்கின்றன. உங்கள் வரைவில் அதைக் கவனியுங்கள் அம்மா.

நள்ளிரவுப்பணி எழுதியது:

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். நான் கலிபோர்னியாவில் ஒரு 911 அவசர உதவி மையத்தில் இரவுப் பணியில் அழைப்புகளை எடுப்பவன். நீங்கள் அழைக்கும்போது மறுமுனையில் இருப்பது என்னைப் போன்ற ஒருவர்தான்.

சத்தப் புகாருக்கு எங்கள் திரையில் 415 என்று வரும். அமைதிக் குலைவைப் பற்றிய மாநிலத் தண்டனைச் சட்டப் பிரிவின் எண் அது. வரிசையில் அதற்குக் கடைசி இடம். மேலே மார்வலி, விபத்து, கைகலப்பு, திருட்டு நடந்துகொண்டிருக்கும் வீடு எல்லாம் போனபிறகே 415 நகரும். சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்குத் திரையில் 415 மட்டும் ஒரு நீண்ட பட்டியலாகக் காத்திருக்கும். பெரிய பார்ட்டி என்றால் ஒரு காவலரைத் தனியாக அனுப்பமாட்டார்கள். இரண்டு மூன்று வண்டிகள் போகும். அவ்வளவு நேரமும் ஊரின் மறுபாதியில் ரோந்து குறைந்திருக்கும். இரண்டாம் வருகைக்குக் கட்டணம் என்ற எண்ணமே இதிலிருந்துதான் பிறந்தது. முதல் வருகை எல்லார்க்கும் உரிய சேவை. அடங்குகிறேன் என்று சொல்லிவிட்டு அடங்காதவனுக்காக அதே இரவில் மறுபடி போவதற்கு ஊர் ஏன் செலவழிக்க வேண்டும்?

எண்ணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பார்ட்டிக்குப் பத்துப் பேர் அழைப்பார்கள். நாங்கள் அவற்றை ஒரே நிகழ்வாகச் சேர்க்கப் பார்ப்போம். எப்போதும் முடிவதில்லை. அழைப்பவர்களில் பலருக்குப் பார்ட்டி நடக்கும் வீட்டின் கதவிலக்கம் தெரியாது. "பின்தெருவில் எங்கேயோ" என்பார்கள். வேறு வழியின்றித் தெருச்சந்திப்பின் பெயரையோ, அழைத்தவரின் முகவரியையோ போட்டுப் பதிவு செய்துவிடுவோம். காவலர் போய்ச் சரியான வீட்டைக் கண்டுபிடித்தாலும், பதிவில் முகவரி திருத்தப்படாமலே மூடப்படுவது உண்டு. ஆக, முகவரிக்கு வந்த அழைப்புகளை மட்டும் கணினியிலிருந்து எண்ணி எடுத்தால், கிழக்குவாசல் அம்மா, உங்கள் வீடுகூட அந்தப் பட்டியலில் இருக்கலாம்.

பார்ட்டி நடத்துகிறவர்களே எங்களை அழைப்பதும் உண்டு. அழைக்காதவர்கள் கும்பலாக உள்ளே நுழைந்துவிட்டார்கள், வெளியே அனுப்ப முடியவில்லை, உதவுங்கள் என்பார்கள். சமூக ஊடகத்தில் யாரோ ஒருவர் முகவரியைப் போட்டால் போதும், இருபது பேருக்கான இடத்தில் இருநூறு பேர் நிற்பார்கள். குடித்து மயங்கிய தோழியைத் தூக்க முடியாமல் அழும் பெண் பிள்ளைகளின் குரலை நான் கேட்டிருக்கிறேன். தோழிக்காக அழைத்த இருபத்தொரு வயது நிரம்பாதவர் தானும் குடித்திருந்தாலும் அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று இந்த மாநிலத்தில் 2011 முதல் சட்டமே இருக்கிறது. அப்படி அழைத்தவரின் முகவரியில் ஒரு புள்ளி ஏறும் என்று ஊர் விதி சொன்னால், அடுத்த முறை அவள் அழைக்கத் தயங்குவாள். அந்தத் தயக்கத்துக்கு என்ன விலை என்பது எங்கள் மையத்தில் எல்லாருக்கும் தெரியும்.

சட்டத்துணை எழுதியது:

நள்ளிரவுப்பணி சொன்னதுதான் இந்த இழையின் மையம். நான் பென்சில்வேனியாவில் குடியிருப்போருக்கான சட்ட உதவி மையம் ஒன்றில் பணிபுரிகிறேன். அழைப்புகளை எண்ணிய ஓர் ஊரில் என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நீதிமன்ற ஆவணங்களில் உள்ள செய்திதான்.

ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே நாரிஸ்டவுன் என்ற ஊர். நான்கு மாதத்துக்குள் மூன்று முறை ஒரு வாடகை வீட்டுக்கு ஒழுங்கீனம் காரணமாகப் போலீஸ் வர நேர்ந்தால், வீட்டுக்காரரின் வாடகை உரிமத்தைப் பறிக்கலாம் என்று அங்கே விதி இருந்தது. தொல்லை தரும் குடியிருப்புகளை அடக்குவதே நோக்கம் என்றார்கள். ஆனால் குடும்ப வன்முறைக்காகப் போலீஸ் வந்ததும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

2012இல் அங்கே வாடகைக்கு இருந்த ஒரு பெண்ணை அவருடைய முன்னாள் காதலன் தாக்கிக்கொண்டே இருந்தான். அவர் போலீஸை அழைத்தார். அழைப்பு எண்ணிக்கை ஏறியது. இன்னொரு முறை அழைத்தால் வீடு போய்விடும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அதன்பிறகு அவர் அழைப்பதை நிறுத்திக்கொண்டார். அந்த ஜூன் மாதம் உடைந்த கண்ணாடியால் கழுத்தில் குத்தப்பட்ட நிலையிலும், போலீஸைக் கூப்பிட்டுவிடாதீர்கள் என்று பக்கத்து வீட்டாரிடம் கெஞ்சியிருக்கிறார். அவர்கள் கேட்காமல் அழைத்தார்கள். ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார். உயிர் பிழைத்து வந்தவரைக் காலிசெய்ய வைக்கும் வேலையில் நகராட்சி இறங்கியது.

2013இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் (ACLU) அவர் சார்பில் வழக்குத் தொடுத்தது. 2014இல் 4,95,000 டாலர் கொடுத்து நகராட்சி சமரசம் செய்துகொண்டது. விதி நீக்கப்பட்டது. அதே ஆண்டு எங்கள் மாநிலச் சட்டமன்றம், வன்முறைக்கோ குற்றத்துக்கோ ஆளானவர்களும் ஆபத்தில் இருப்பவர்களும் உதவிக்கு அழைத்ததற்காக எந்த ஊரும் அவர்களைத் தண்டிக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது.

இது ஒரே ஓர் ஊரின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. மில்வாக்கி நகரில் தொல்லை தரும் சொத்து என்று அனுப்பப்பட்ட அறிவிப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியான சமூகவியல் ஆய்வு ஒன்றில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அறிவிப்புகள் குடும்ப வன்முறை அழைப்புகளால் வந்தவை என்று தெரிந்தது. வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் அடிபட்ட பெண்ணை வெளியேற்றித் தொல்லையைத் தீர்த்துக்கொண்டார்கள். கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்குத்தான் அறிவிப்புகள் அதிகம் போயின. 2016இல் மத்திய வீட்டுவசதித் துறையே இத்தகைய விதிகளைப் பற்றி ஊராட்சிகளுக்கு எச்சரிக்கை வெளியிட்டது.

உங்கள் மாநிலத்திலும் 2019 முதல் இதற்குத் தடை இருக்கிறது. வன்முறைக்கு ஆளானவர், குற்றத்துக்கு ஆளானவர், அவசர நிலையில் இருப்பவர் ஆகியோர் உதவிக்கு அழைத்ததைக் காரணமாக்கிக் குடியிருப்பவரையோ வீட்டுக்காரரையோ தண்டிக்கும் விதியை உள்ளாட்சிகள் இயற்றக் கூடாது. எந்த அழைப்பாக இருந்தாலும் எண்ணப்படும் என்று உங்கள் ஊர் வரைவு சொல்லுமானால் அது மாநிலச் சட்டத்தோடு மோதும். நகர வழக்கறிஞரிடம் இதைக் கேளுங்கள்.

கிழக்குவாசல் எழுதியது:

வரைவை முழுமையாகப் படித்தேன். "சேவைக்கான அழைப்புகள்" என்றுதான் இருக்கிறது. வகைப் பிரிவு எதுவும் இல்லை. ஆம்புலன்ஸுக்கு அழைத்தாலும் சேரும் போலிருக்கிறது.

எங்கள் தெருக் கடைசி வீட்டில் ஒரு பெண் இரண்டு சிறு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறார். அங்கும் போலீஸ் வந்ததைப் பார்த்திருக்கிறேன். பார்ட்டிக்காக அன்று.

எனக்குத் தூக்கம் வேண்டும். என் மாமியாருக்கு அமைதி வேண்டும். அதற்காக அந்தப் பெண் வீட்டை இழக்க நேரும் என்றால் அப்படி ஒரு விதியை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் இதை எதிர்த்துப் பேசினால் எதிர்வீட்டுக் கூத்து அப்படியே தொடரும். எதிர்ப்பதா, திருத்தச் சொல்வதா? சத்தத்தை மட்டும் பிடிக்கும்படி எப்படி எழுதச் சொல்வது?

கடலோரம் எழுதியது:

திருத்தச் சொல்லுங்கள். நான் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் இருக்கிறேன். கால் பாலி பல்கலைக்கழகம் உள்ள ஊர். இந்தப் பிரச்சினையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட ஊர்.

இங்கே சத்தப் புகார் வந்தால் பல நேரங்களில் முதலில் போவது காவலர் அல்லர், காவல்துறை சம்பளம் கொடுத்து அமர்த்தியிருக்கும் கல்லூரி மாணவர்கள். சீருடைச் சட்டையோடு இருவர் வந்து கதவைத் தட்டி எச்சரிக்கைச் சீட்டு ஒன்றைக் கொடுப்பார்கள். அபராதம் இல்லை, ஆனால் அந்த முகவரி பட்டியலில் ஏறிவிடும். பட்டியலில் இருக்கும் மாதங்களில் மறுபடி புகார் வந்தால் எச்சரிக்கை கிடையாது. காவலரே வந்து நேரே அபராதச் சீட்டு எழுதுவார். முதல் சீட்டு 350 டாலர், அடுத்தடுத்து உயரும். தன் வயதுடைய ஒருவன் வாசலில் நின்று பேசும்போது பிள்ளைகள் விறைத்துக்கொள்வதில்லை.

அபராதம் எங்கள் ஊர்ப் பிரச்சினையை முழுவதும் தீர்த்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆண்டுதோறும் மார்ச்சில் புனித பாட்ரிக் நாளையொட்டி விடிவதற்கு முன்பே தொடங்கும் தெருக் கொண்டாட்டம் ஒன்று நடந்துவந்தது. 2015இல் அப்படி ஒரு காலையில், பல்கலைக்கழகத்தின் அருகே ஒரு வீட்டின் கார் கொட்டகைக் கூரை மீது கும்பலாக ஏறி நின்று ஆடினார்கள். கூரை இடிந்து விழுந்தது. பல மாணவர்கள் காயமடைந்தார்கள். அந்தக் கொண்டாட்ட நாள்களில் மட்டும் அபராதத்தை இரட்டிப்பாக்கும் விதி இங்கே உண்டு. அதையும் மீறி ஆயிரக்கணக்கில் கூடியிருக்கிறார்கள். தெருவே திரளும் கூட்டத்தை முகவரிக்கு எழுதும் சீட்டால் அடக்க முடியாது. ஆனால் உங்கள் எதிர்வீடு போல வாரந்தோறும் தொல்லை தரும் ஒற்றை வீட்டுக்கு இந்த முறை வேலை செய்கிறது. எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

மலைச்சரிவு எழுதியது:

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சுருக்கமாக. இங்கே 2018இல் பார்ட்டி வீடுகளுக்கென்றே தனி விதி வந்தது. மாணவர்களுக்காக அன்று, குன்றுப் பகுதி மாளிகைகளை நாள் வாடகைக்கு எடுத்து நுழைவுக் கட்டணம் வாங்கி விருந்து நடத்துகிறவர்களுக்காக. அபராதம் படிப்படியாக 8,000 டாலர் வரை ஏறும், மீறல் அறிவிப்பை வாசலில் 30 நாள்கள் ஒட்டி வைக்க வேண்டும். 2020 ஆகஸ்டில், தொற்றுக்காலத்திலும் விருந்து நிற்காததால், அத்தகைய வீடுகளின் மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கும் அளவுக்கு மேயர் போனார். அதற்கு முந்தைய ஆண்டு கலிபோர்னியாவின் ஒரிண்டா நகரில் நாள் வாடகைக்கு எடுத்த வீட்டில் நடந்த ஹாலோவீன் பார்ட்டியில் துப்பாக்கிச்சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். இணையம் வழியாக நாள் வாடகை வீடுகளை ஏற்பாடு செய்துதரும் ஏர்பிஎன்பி நிறுவனம் பார்ட்டிகளுக்குத் தடை விதிக்கத் தொடங்கியது அதன்பிறகுதான். உங்கள் ஊரில் நாள் வாடகை வீடுகள் இருந்தால், விதியில் அவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கொலராடோ மாணவன் எழுதியது:

சட்டத்துணை அவர்களே, ஒரு கேள்வி. எங்களைப் போல எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு சீட்டு கிடைத்தால் விசாவுக்குப் பாதிப்பு வருமா? பார்ட்டி நடத்தியவன் அறைத்தோழனாக இருந்து, ஒப்பந்தத்தில் நம் பெயரும் இருந்தால்?

சட்டத்துணை எழுதியது:

தம்பி, ஊருக்கு ஊர் வேறுபடுகிற இடம் இதுதான். சில ஊர்களில் இது நிர்வாக அபராதம். பார்க்கிங் சீட்டுக்குக் கட்டுவதுபோல் கட்டிவிட்டு வரலாம், மறுப்பு இருந்தால் விசாரணை அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். சில ஊர்களில் இது குற்றவியல் வழக்கு. நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும், பதிவும் ஏற்படும். விசா விண்ணப்பத்தில் எந்தக் குற்றத்துக்காகவாவது கைது செய்யப்பட்டதுண்டா, தண்டனை பெற்றதுண்டா என்று கேட்கிறார்கள். ஆகவே சீட்டில் என்ன பிரிவு எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பணத்தைக் கட்டிவிட வேண்டாம். முதலில் பல்கலைக்கழகத்தின் மாணவர் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள்; பல இடங்களில் கட்டணம் இல்லை.

அறைத்தோழன் விஷயம்: ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அனைவரையும் பொறுப்பாளிகள் ஆக்கும் ஊர்கள் இருக்கின்றன. அன்றிரவு நீங்கள் நூலகத்திலோ வேறு ஊரிலோ இருந்தீர்கள் என்பதற்கான சான்று இருந்தால் மேல்முறையீட்டில் வையுங்கள்.

கிழக்குவாசல் அம்மாவும் இதைக் கேட்க வேண்டும். குற்றவியல் பிரிவு வேண்டாம், நிர்வாக அபராதம் போதும், மேல்முறையீட்டு வழி வேண்டும் என்று கேளுங்கள். பத்தொன்பது வயதில் பாட்டைச் சத்தமாக வைத்ததற்காக ஒருவர் வாழ்நாள் முழுவதும் ஒரு குற்றப் பதிவைச் சுமக்கக் கூடாது.

இழைக்காவலர் எழுதியது:

மாணவர்கள் இந்தத் தலைமுறையில் கெட்டுப்போய்விட்டார்கள் என்ற பொருளில் வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விதியைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

கிழக்குவாசல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நிமிடத்துக்குள் அடங்கும்படி எழுதியிருக்கிறேன். எழுத்து மூலமும் அனுப்பப் போகிறேன். கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு நிகழ்ச்சிநிரலை வெளியிட வேண்டும் என்பது மாநிலச் சட்டம் என்பதால் வரைவின் இறுதி வடிவம் வந்துவிட்டது. பக்க எண்ணோடு குறிப்பிட்டிருக்கிறேன்.

"நான் இந்தத் தெருவில் குடியிருப்பவள். வாரந்தோறும் இரவில் போலீஸை அழைப்பவர்களில் ஒருத்தி. எனக்கு இந்த விதி வேண்டும். ஆனால் மூன்றாம் பக்கத்தில் உள்ளபடி வேண்டாம். போலீஸ் அழைப்புகளை எண்ணாதீர்கள். பத்துப் பேருக்கு மேற்பட்ட கூட்டம், இரவு பத்து மணிக்குப் பிறகு, ஐம்பது அடிக்கு அப்பாலும் தெளிவாகக் கேட்கும் சத்தம் என்று அழைப்பில் சொல்லப்பட்டவற்றை மட்டும் எண்ணுங்கள். முதல் முறை அபராதம் வேண்டாம்; வாசலில் அறிவிப்பு ஒட்டி, வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். 120 நாள்களுக்குள் மறுபடி நடந்தால் நடத்தியவருக்கு அபராதம். அதன்பிறகும் தொடர்ந்தால் வீட்டுக்காரருக்கும். குடியிருப்பவர்கள் மாறினால் அவர்களுக்குப் புதுக்கணக்கு. வீட்டுக்காரருக்குப் பழைய கணக்கு தொடரட்டும். வன்முறை, மருத்துவ உதவி, அழையாமல் நுழைந்தவர்களை வெளியேற்றக் கோருவது ஆகியவற்றுக்காக யார் அழைத்தாலும் எந்த முகவரியிலும் கணக்கில் ஏறக் கூடாது. இது ஏற்கெனவே மாநிலச் சட்டம் கேட்பதும்கூட. பார்ட்டிப் பதிவுத் திட்டத்தைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொடங்குங்கள்."

குறை இருந்தால் சொல்லுங்கள். நாளை நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும்.

வாடகைவீட்டார் எழுதியது:

வீட்டுக்காரருக்குப் பழைய கணக்கு தொடர்வது எனக்குக் கசக்கிறது. ஆனால் பதிவுத் தபால் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள் அவகாசம் என்று சேர்த்தால் எதிர்க்கமாட்டேன்.

மாமரத்தடி எழுதியது:

முப்பது நாள் என்றால் நான்கு வார இறுதிகள். பதினைந்து போதும்.

நள்ளிரவுப்பணி எழுதியது:

ஒரே ஒரு திருத்தம், ஆனால் முக்கியமானது. "அழைப்பில் சொல்லப்பட்டவற்றை" என்று எழுதியிருக்கிறீர்கள். அழைப்பவர் எங்களிடம் சொல்வதை வைத்து எண்ணினால் பழைய சிக்கல்தான். ஆகாத பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மூன்று முறை எண்ணை அழுத்தினால் போதும். "நேரில் சென்ற காவலர் கண்டு, கேட்டு, முகவரியைச் சரிபார்த்து எழுதிய மீறல்" என்று மாற்றுங்கள். ஒரே இரவில் எத்தனை பேர் புகார் சொன்னாலும் ஒரு வருகைக்கு ஒரு மீறல் என்றும் சேர்த்துவிடுங்கள்.

கிழக்குவாசல் எழுதியது:

இரண்டையும் சேர்த்துவிட்டேன். அவகாசம் பதினைந்து நாள்கள் என்று போட்டிருக்கிறேன். வாடகைவீட்டார் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். கடைசி வீட்டுப் பெண்ணிடமும் இன்று மாலை வரைவின் மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன். அவரும் எழுத்து மூலம் கருத்து அனுப்புவதாகச் சொன்னார், பெயர் குறிப்பிடாமல் அனுப்பலாமா என்று கேட்டார். நகரச் செயலர் அலுவலகத்தில் விசாரித்தேன். பெயரும் முகவரியும் கட்டாயம் இல்லையாம்.

சட்டத்துணை எழுதியது:

கட்டாயம் இல்லை. அவர் எழுதுவது பொது ஆவணமாகிவிடும், இணையத்திலும் ஏறும். அதனால் வீட்டு எண், பிள்ளைகளின் பள்ளி போன்ற அடையாளங்கள் எதுவும் கடிதத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தொடங்கி அதிலிருந்து அனுப்பினால் இன்னும் நல்லது.